பூட்டுகிற நாள்

ஜனவரி 19

அன்புள்ள அண்ணி,

நான் நன்றாக இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. நீங்களும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதைப் போனில் கேட்ட குரலிலிருந்தே தெரிந்துகொண்டேன். ஆனாலும் அன்று நீங்கள் கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எதிர்முனையில் ஆள் மௌனமானால் நானும் மௌனமாகிவிடுவேன். பிறகு இருவருமாக மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அதனால் எழுதுகிறேன்.

ஐந்து ஏக்கரை விற்க இத்தனை வருடமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மே மாதம் நீங்களும் உங்கள் பொறியாளரும் பதிவுத் திருமணம் செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டது. குட்டிக்கு இன்னும் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. புது வாழ்க்கையைப் பழைய வில்லங்கத்தோடு தொடங்க யாருக்குப் பிடிக்கும்? நாத்தனார் என்ற முறையில் நான் கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும். முயன்று பார்த்தேன், வரவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். இதைச் சொல்லவும் கடிதம்தான் வசதி.

நிலத்தில் ஒரு குறையும் இல்லை. போகத்தான் வழி இல்லை. மூன்று பக்கம் முள்வேலியும் பள்ளமும். நான்காவது பக்கம் கேட் கீப்பரின் இடம். சாலையிலிருந்து அவருடைய இரும்புக் கேட்டைத் தாண்டி, வீட்டை ஒட்டி, இருநூற்று அறுபது அடி நடந்தால்தான் நம் எல்லைக்கல். அப்பா வாங்கியபோது வாய்வார்த்தையாக விட்டுவிட்டார். அவரும் கேட் கீப்பரின் அப்பாவும் சினேகிதர்கள்; சினேகிதர்கள் பத்திரத்தில் எழுதிக்கொள்ள மாட்டார்கள். வருகிறவர்கள் புலப்படத்தை விரித்துப் பார்த்ததும் சிரிக்கிறார்கள். போன மாதம் வந்தவர், "நிலம் அருமையா இருக்கு மேடம். கூடவே ஒரு ஹெலிகாப்டரும் தர்றதா இருந்தா சொல்லுங்க" என்றார்.

வழி உரிமை கேட்டு வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீலம்மா. இருபது வருடம், யாரையும் கேட்காமல், எல்லாரும் பார்க்க, இடைவெளி இல்லாமல் நடந்திருந்தால் அந்தப் பாதை சட்டப்படி நம்முடையது. இங்கேதான் கேட் கீப்பரின் அப்பா கெட்டிக்காரர். வருடத்தில் ஒரே ஒரு நாள் கேட்டைப் பூட்டிவைப்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். அப்படிப் பூட்டினால், மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் நாம் நடப்பது அவர் தயவில் என்று ஆகிவிடும். இருபது வருடக் கணக்கு தொடங்கவே தொடங்காது. யாரோ ஒரு வக்கீல் காதில் போட்ட யோசனை. அப்பன் போன பிறகும் மகன் விடாமல் பூட்டி வந்திருக்கிறார். அவரும் வாழ்நாள் முழுக்க ரயில்வே கிராஸிங்கில் கேட் போட்டு எடுத்தவர்தானே. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கேட்டிலிருந்து ஓய்வு பெறவில்லை.

பூட்டுகிற நாள் மார்ச் முதல் தேதி. அந்தத் தேதி உங்களுக்கு என்னவோ, எனக்கும் அதுதான். பதினொரு வருடத்துக்கு முன் அண்ணன் வீட்டை விட்டு இறங்கிய அதே மார்ச் ஒன்று. அன்று கேட் பூட்டியிருந்தது, இந்தப் பக்கம் யாரும் வரவில்லை என்று கேட் கீப்பர் போலீஸில் சொன்னதால்தான் அவர்கள் பேருந்து நிலையங்களிலும் ஆற்றங்கரையிலும் தேடினார்கள். இரண்டும் ஒரே தேதியில் வந்தது தற்செயல் என்றே இன்றுவரை வைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறவள், தற்செயலை மதிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் அனுப்பிய வக்கீல் நோட்டீஸுக்குக் கேட் கீப்பர் எழுதிய பதிலைக் கேளுங்கள். பொதுவாக யாருக்கும் வழி கிடையாதாம். "மேற்படியாரின் சகோதரர் ஒருவருக்கு மட்டும் என் மனமுவந்த அனுமதியின் பேரில் இன்றளவும் தினமும் கேட்டைத் திறந்துவிட்டு வருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அக்கா, இறந்துட்டார்னு கோர்ட்டே சொன்ன ஆளுக்கு இவர் தினமும் கேட் திறக்கறாராம். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதான்" என்றார். நானும் சிரித்தேன். அந்தத் தீர்ப்புக்காக நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சத்தியம் செய்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த மாதம் சர்வேயர் வருகிறார். முடிந்ததும் எழுதுகிறேன். குட்டி இரவில் கண் விழித்துப் படிக்க வேண்டாம். மூளைக்கும் விடுமுறை வேண்டும் என்று அத்தை சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நலனையே நினைக்கும்,
நாத்தனார்


பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணி,

குட்டி அனுப்பிய படங்கள் வந்தன. பொறியாளருக்கு முன்தலையில் முடி கம்மி. முகத்தில் பொய் இல்லை. இரண்டும் நல்ல அறிகுறி.

வழக்குப் போட்டாயிற்று, சர்வேயும் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், அர்த்தத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வேயர் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டே அளக்கிற மனிதர். வாய் ஓயாது. கேட் கீப்பர் எங்களைத் தடுக்கவில்லை. கேட் அகலத் திறந்தே இருந்தது. கீலில் எண்ணெய் மினுங்கியது. பதினொரு வருடமாக நம்மில் ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை. வேலியோரம் இடுப்பளவு புதர் இருக்கும், அரிவாள் வேண்டும் என்று நினைத்துக் கொண்டுபோனேன். புதர் இருந்தது. ஆனால் நடுவில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு ஒற்றையடிப் பாதை, புல் முளைக்காமல், இறுகி, பளபளவென்று. சர்வேயர் குந்தி உட்கார்ந்து மண்ணைத் தட்டிப் பார்த்தார். "புல்லு பொய் சொல்லாது மேடம். தினம் ஆள் போற பாதை இது" என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார். நம் வழக்குக்கு அது அனுகூலம்தான். எனக்கு ஏனோ மகிழத் தோன்றவில்லை.

பாதை எல்லைக்கல்லைத் தாண்டி நம் நிலத்துக்குள் போகிறது. எலுமிச்சை மரங்கள் கவனிப்பாரின்றிப் பின்னிக்கொண்டு நிற்கின்றன. ஒரு கிளைகூட வெட்டப்படவில்லை, ஒரு காய்கூடப் பறிக்கப்படவில்லை. அண்ணனின் தகரக் கொட்டகை கதவு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பத்தடி முன்னால் பாதை முடிந்துவிடுகிறது. திரும்பவில்லை, பிரியவில்லை. முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கணுக்கால் அளவு புல், ஒரு தாள்கூட மடங்காமல்.

வழியில் ஈர மண் இருந்த ஓர் இடத்தில் செருப்புத் தடங்கள் இருந்தன. எல்லாம் உள்ளே போகிற திசையில். சர்வேயர் குடையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "போறவர் வேற எந்தப் பக்கமா திரும்பறார்?" என்று கேட்டார். வேறு பக்கம் கிடையாது என்பதை அவர்தான் அரைமணி நேரம் முன்பு அளந்து எழுதியிருந்தார். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கேட் கீப்பரிடம் நேராகக் கேட்டேன், யாரை உள்ளே விடுகிறீர்கள் என்று. அவர் வீட்டுக்குள் போய் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார். கிராஸிங்கில் ரயில் கடக்கும் நேரத்தை எழுதிவைத்த கை சும்மா இருக்காதாம். கேட்டைக் கடப்பதையும் எழுதி வந்திருக்கிறார். தேதி, நேரம், கையெழுத்து. பதினொரு வருடம். ஒவ்வொரு வரியிலும் மதியம் இரண்டு பதினாறு. மழை நாள், திங்கள், ஞாயிறு, வித்தியாசமே இல்லை. "முன்னப் பின்ன ஒரு நிமிஷம் கிடையாதும்மா. இப்படி ஒரு எக்ஸ்பிரஸ் நம்ம லைன்ல ஓடினதே இல்ல" என்றார். வேடிக்கையாகச் சொல்ல நினைத்திருப்பார், குரல் ஒத்துழைக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மாணவர்கள் ஆய்வு செய்யாமல் வீட்டில் உட்கார்ந்து எண்களை எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். உண்மையான எண்கள் சிந்திச் சிதறிக் கிடக்கும். நாலாயிரம் நாளில் ஒரு நாள்கூட ஒரு மனிதனுக்குச் செருப்பு வார் அறுந்திருக்காதா, எதிரில் வந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்க மாட்டானா? மனிதன் நடந்தால் ஏற்ற இறக்கம் இருக்கும். இது மனிதன் நடந்த கணக்கே இல்லை என்று அவரிடம் சொன்னேன். பொய்க் கணக்கு என்ற பொருளில்தான் சொன்னேன். அவர், "அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

சர்வேயர் விட்டுப்போன சுண்ணாம்புத் தூள் அரை மூட்டை இருந்தது. மறுநாள் காலையில் போய்ப் பாதை நெடுக மெல்லத் தூவிவிட்டு வந்தேன். சாயங்காலம் வகுப்பு முடிந்து போய்ப் பார்த்தேன். தடங்கள் இருந்தன. அடிக்கு அடி டேப் வைத்து அளந்தேன். எல்லாம் ஒரே நீளம். கேட் கீப்பரின் செருப்பைக் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. வலது தடத்தில் குதிகாலின் உட்புறம் அதிகம் அழுந்தியிருந்தது. அண்ணன் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தே ஆறு மாதத்துக்கு ஒரு செருப்பைத் தின்றுவிடுகிறார் என்று நீங்கள் சத்தம் போடுவீர்கள். உலகத்தில் அப்படி நடக்கிறவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். ஒற்றை மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் என்னைப் போல இல்லை, கேட்டால் தூங்க மாட்டீர்கள். ஆனால் நீங்கள் உரிமையாளர். அறிக்கை உங்களுக்கும் வரும். வேறு யாரோ எழுதிப் படிப்பதைவிட நான் எழுதிப் படிப்பது மேல்.

யாரிடமும் சொல்ல வேண்டாம், குட்டியிடம் நிச்சயமாக வேண்டாம். எப்படியும் நான் இதன் அடியைக் கண்டுபிடித்துவிடுவேன்.

அன்புடன்,
நாத்தனார்


மார்ச் 4

அன்புள்ள அண்ணி,

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். பொறியாளர் பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்.

போன வாரம் கேட் கீப்பர் போன் செய்தார். வக்கீல் இல்லாமல் தனியாக வரச் சொன்னார். போனேன். முன்னறையில் உட்காரவைத்து, பால் இல்லாத டீ கொடுத்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். மார்ச் ஒன்றாம் தேதி கேட்டைப் பூட்டியே ஆக வேண்டும் என்று அவருடைய வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வழக்கு நடக்கும்போது பூட்டாமல் விட்டால் எல்லாம் போச்சு என்று. "என்னால முடியாதும்மா. மூணு வருஷமா நான் பூட்டறதே இல்ல. நீங்களே வந்து பூட்டிடுங்க" என்றார். எதிராளி என்னிடம் வந்து எனக்கு எதிராகவே பூட்டுப் போடச் சொல்கிறார். ஏன் முடியாது என்று கேட்டேன்.

அவர் சொன்னதைச் சுருக்காமல் எழுதுகிறேன். பதினொரு வருடத்துக்கு முன்பும் அந்த மார்ச் ஒன்றில் பூட்டியிருந்தார். அண்ணனுக்குத் தேதி மறந்துவிட்டது. மதியம் வந்து கேட்டருகே நின்று கூப்பிட்டார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒட்டுக் குச்சிகள், எலுமிச்சையில் ஒட்டுக்கட்ட. "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் திறங்க. இதெல்லாம் நாளைக்கு வாடிடும்" என்றார். கேட் கீப்பர் உள்ளே இருந்தார். ஒரு நாள் திறந்துவிட்டால் அப்பா காத்த உரிமை போய்விடும், நாளைக்கு வரட்டுமே என்று நினைத்து, ரேடியோவைச் சத்தமாக வைத்தார். சங்கிலி ஒரு முறை குலுங்கியது. கால் மணி கழித்து வெளியே வந்து பார்த்தபோது ஆள் இல்லை. சாக்கு மட்டும் கேட்டடியில் கிடந்தது.

மறுநாள் வழக்கம்போலத் திறந்தார். இரண்டு பதினாறுக்கு அண்ணன் வந்தார், உள்ளே போனார். கேட் கீப்பருக்கு நிம்மதி. கோபம் இல்லை, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாராம். ஒரு வாரம் கழித்துப் போலீஸ் வந்தது. "தினம் வர்ற ஆளை எதுக்குத் தேடறாங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. போறதைத்தான் பார்த்திருக்கேன். திரும்பி வந்து நான் பார்த்ததே இல்ல" என்றார். அந்த நிமிடத்தில் பயந்துபோய், அன்று யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயை மாற்றும் தைரியம் பிறகு வரவில்லை. அடுத்தடுத்த வருடங்களிலும் அந்த நாளில் பூட்டிப் பார்த்தார். பூட்டியிருந்தால் வந்து கேட்டருகே நிற்பாராம், இருட்டும்வரை. கூப்பிட மாட்டார், சங்கிலியைத் தொட மாட்டார், பூட்டைப் பார்த்தபடி நிற்பார். கடைசியாகப் பூட்டிய வருடம் மட்டும் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாராம். அதோடு பூட்டுவதை விட்டுவிட்டார்.

நான் நம்பவில்லை. குற்ற உணர்ச்சி ஒரு மனிதனுக்கு எதையும் காட்டும். சரி, நானே பூட்டுகிறேன், அதுவும் ஒரு சோதனைதான் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சூனியக் கதையை இந்த முறை எனக்குச் சொல்லியிருப்பார்.

மார்ச் ஒன்று. நல்ல வெயில். கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்தேன். கேட் கீப்பர் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். ஒரு பையனுக்குப் பதினான்கு மதிப்பெண் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். சாலை அதுவரை காலியாகத்தான் இருந்தது. யாரும் நடந்து வரவில்லை, அண்ணி. நிமிர்ந்தபோது நின்றுகொண்டிருந்தார்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. போலீஸுக்கு நீங்கள் எழுதிக்கொடுத்ததுதான், அது யாருக்கும் தெரியும். ஆனால் சட்டைப்பை ஓரம் கறுப்பு நூலில் தைத்திருந்தது. நீல நூல் தீர்ந்துபோய்க் கறுப்பில் தைத்தேன் என்று நீங்கள் என்னிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறீர்கள். கையில் ஈரச் சாக்கு. உள்ளே குச்சிகள் பச்சையாக இருந்தன. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே மண் காய்ந்தே இருந்தது. நரை இல்லை. தொண்டையில் சவரக் கத்தி கீறிய சின்னக் காயம்கூடக் காயவில்லை. அண்ணனைவிட எனக்கு இப்போது எட்டு வயது அதிகம் என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றிய ஒரே விஷயம்.

என்னைப் பார்க்கவில்லை. பூட்டைத்தான் பார்த்தார். பிறகு சங்கிலியைப் பிடித்து ஒரு முறை குலுக்கினார். வேகமாக இல்லை. கதவு திறப்பார்கள் என்ற நம்பிக்கையோடு தட்டுகிற மாதிரி.

சோதனை எவ்வளவு நேரம் தாக்குப் பிடித்தது என்று கேட்டால், நான்கு நிமிடம். சாவி பூட்டில் நுழையவே மாட்டேன் என்றது. திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். என்ன பேசுவது? வாய் தன்பாட்டில், "போயிட்டு வாண்ணா" என்றது. கடந்து போனார். நனைந்த சாக்கு வாசனை வந்தது. வீட்டை ஒட்டி நடந்து, எல்லைக்கல்லைத் தாண்டி, மரங்களுக்கிடையில் போனார். பாதை முடிகிற இடம்வரை பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. கேட் கீப்பர் வெளியே வந்து நோட்டில் இரண்டு இருபது என்று எழுதினார். உள்ளே விட்ட கணக்கில் அதுதான் முதல் மாற்றம். நேற்றும் நேற்று முன்தினமும்கூட இரண்டு இருபதுக்குத்தான் வந்தார். நான் தாமதித்த நான்கு நிமிடத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

இனி செய்யப்போவதைச் சொல்கிறேன். கேட் கீப்பர் மகனிடம் போய்விடப் போகிறார், இடத்தை விற்கப்போகிறார். அடுத்து வருகிறவர் சுற்றுச்சுவர் எழுப்புவார். யாருக்காகத் திறந்துவைக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்குள் பாதையை எழுதிப் பதிந்துவிட வேண்டும். வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன். கேட் கீப்பரே வழிப் பாத்தியம், அதாவது நடக்கும் உரிமை, எழுதித் தருகிறார்: நம் நிலத்தின் உரிமையாளரும் அவர் சார்பில் நடப்பவர்களும் எந்நாளும், எந்த நாளும் விடாமல், போக வர வழி. அண்ணன் பெயரைப் போடாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடித்தார். இறந்தவர் பெயரில் வழி எழுத முடியாது என்று பத்திரம் எழுதுகிறவர் கையை விரித்தார். அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட்டால் பெயரைச் சேர்க்கலாமாம். அப்படிச் செய்தால் நீங்கள் யார் என்று ஆகிவிடும், மே மாதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அதைச் செய்ய மாட்டேன். எல்லார் முன்னாலும் கேட் கீப்பரிடம் சொன்னேன், அண்ணன் நடப்பது என் சார்பில்தான், அந்த வரியில் அவரும் அடங்குவார் என்று. இருபத்தைந்து வருடம் பேராசிரியராக இருந்தவள் பத்திர ஆபீஸில் நின்று இப்படிச் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை, நல்லவேளை. கேட் கீப்பர் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். நிலம் என் ஒருத்தி பெயருக்கு வந்ததும் பதிவு.

ஆனால் நிலம் இனி விற்பனைக்கு இல்லை. அதனால் இதோடு ஒரு பரிவர்த்தனைப் பத்திரம் வைத்திருக்கிறேன். நிலத்தில் உங்கள் பங்கையும் குட்டியின் பங்கையும் எனக்குக் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு இந்த வீட்டில் என் பாதி உங்களுக்கு. வீடு முழுக்க உங்களுடையதாகிவிடும். நல்ல தெரு, விற்றால் உடனே போகும். எனக்குத் தங்க இடம் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். கேட் கீப்பரின் வீட்டை நானே வாங்கிக்கொள்கிறேன்; வழிப் பத்திரம் எனக்குப் பின்னால் அங்கே வருகிறவர்களுக்காக. மதிய வகுப்புகளைக் காலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்; முழங்கால் வலி என்று காரணம் எழுதினேன்.

நீங்கள் நேரில் வர வேண்டாம். அங்கேயே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, இங்கே பதிவு செய்ய ஒரு பவர் பத்திரமும் சேர்த்து அனுப்பினால் போதும் என்கிறார் வக்கீலம்மா. பத்திரத்தில் அண்ணனை "காலஞ்சென்ற" என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள். அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. சரி என்று எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இதையெல்லாம் உங்களிடம் மறைத்திருக்கலாம். வெறும் பத்திரத்தை அனுப்பியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆனால் அன்று காலை உங்கள் இருவருக்கும் சண்டை, நீங்கள் சொன்ன ஒரு சொல்லைத் தாங்காமல்தான் வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அப்படி இல்லை, அண்ணி. கோபித்துக்கொண்டு போகிறவர் ஒட்டுக் குச்சியை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போக மாட்டார். வேலைக்குத்தான் வந்தார். முடித்துவிட்டு வீட்டுக்குத்தான் திரும்பியிருப்பார்.

மே மாதம் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது உங்கள் கை நடுங்கக் கூடாது. நீங்கள் யாரையும் வெளியே நிறுத்திவிட்டுப் போகவில்லை. இங்கே திறந்துவிட நான் இருக்கிறேன். இரண்டு பேரும், குட்டியும், நிறைந்த ஆயுளோடு நிம்மதியாக இருக்க வேண்டும். இதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

என்றைக்கும்,
உங்கள் நாத்தனார்